மூணாம் நாள் மெதக்காத ஏரி

காசிமேடு, திருவொற்றியூர் குப்பம், எண்ணூர், எங்க போயி கேட்டாலும் ஒரே பதில்தான், தண்ணியில போனவங்க மூணாம் நாள் மேல வந்துருவாங்க. வெயில் காலத்துல ரெண்டாம் நாளே கூட வரலாம், மழைக்காலத்துல ஒரு நாள் தள்ளலாம், ஆனா வந்துரும்னு அடிச்சு சொல்லுவாங்க. தலைமுறை தலைமுறையா பாத்து வச்ச கணக்கு அது, லேசுல தப்பாது. அதனாலதான் அமெரிக்காவுல ஏதோ ஒரு பெரிய ஏரியில போட் எடுத்துட்டு போனவர் இருபது முப்பது வருஷமா கெடைக்கலைன்னு நியூஸ் படிச்சா, நம்ம ஆளுங்களுக்கு மொத சந்தேகமே கொலைன்னுதான் வரும், இல்லன்னா ஆளு எங்கயோ ஓடிட்டான், ஏரிதானே, கடல் கூட இல்லையேன்னு. விஷயம் என்னன்னா அந்த மூணு நாள் கணக்கு நம்ம சூட்டு தண்ணிக்குதான் செல்லும்.

நமக்கு பக்கத்துல பெரிய ஏரின்னா பழவேற்காடு. சராசரி ஆழம் 1 மீட்டர்தான் வரும், நெறைய எடத்துல இருளர் பொம்பளைங்க தண்ணிக்குள்ள எறங்கி கையாலயே தடவி எறா புடிக்கிறாங்க. ஆழம் இல்லைன்னா ஆபத்து இல்லைன்னு அர்த்தம் கெடையாது, 2011 டிசம்பர் 25 அன்னிக்கு அங்க ஒரு போட் கவுந்து 22 பேர் செத்தாங்க, லைஃப் ஜாக்கெட் இல்ல, ஏத்துன ஆளுங்களும் ஜாஸ்தி. ஆனா ஒரு ஆளை வருஷக்கணக்குல மறைச்சு வைக்கிற தண்ணி இல்ல அது.

இப்ப வட அமெரிக்காவுல சுப்பீரியர் ஏரிய எடுத்துக்குங்க. பரப்பு 82,100 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டுல பாதிக்கு மேல. அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். மேல ஆகஸ்ட் மாசம் ஓரளவுக்கு சூடாகும், ஆழத்துல வருஷம் பூரா 4 டிகிரி பக்கம்தான். காரணம் சிம்பிள், நல்ல தண்ணிக்கு 4 டிகிரியிலதான் அடர்த்தி ஜாஸ்தி, அந்த தண்ணி கனமா கீழ போயி உக்காந்துக்கும், மேல ஐஸ் கட்டினாலும் சரி வெயில் அடிச்சாலும் சரி கீழ அந்த குளிர் பெருசா மாறாது. நம்ம கடல் மேல்மட்டம் 28, 29 டிகிரி இருக்குன்றத நெனப்புல வச்சுக்குங்க, மிச்சம் எல்லாமே இந்த வித்தியாசத்துலதான் இருக்கு.

அந்த குளிர் தண்ணியில விழுந்தா என்ன ஆகும்னு கனடாவுல மனிடோபா பல்கலைக்கழகத்து புரொஃபசர் கார்டன் கீஸ்பிரெக்ட், தானே குளிர்ல எறங்கி டெஸ்ட் பண்ற மனுஷன், 1-10-1ன்னு சொல்லித்தராரு. மொத 1 நிமிஷம் மூச்சு நம்ம கட்டுப்பாட்டுல இருக்காது, அந்த நேரத்துல தலை தண்ணிக்குள்ள போச்சுன்னா அவ்ளோதான். அடுத்த 10 நிமிஷம்தான் கை கால் உருப்படியா வேலை செய்யும். நெனவு தப்ப கிட்டத்தட்ட 1 மணி நேரம் ஆகும். நீச்சல்ல புலியா இருந்தாலும் பத்து நிமிஷத்துக்கு அப்புறம் கையே மடங்காது, கவுந்த போட்டை புடிச்சு ஏறவும் முடியாது.

சரி, செத்ததுக்கு அப்புறம். நுரையீரல்ல காத்து போயி தண்ணி ஏறினா மனுஷ உடம்பு தண்ணிய விட லேசா கனம், அதுவும் நல்ல தண்ணியில உப்புத்தண்ணி குடுக்குற தாங்கல் கூட இல்ல, அதனால முழுகும். மறுபடி மேல வர வைக்கிறது குடல்ல இருக்குற பாக்டீரியா, அதுங்க உடம்ப தின்னு கேஸ் விடுது, வயிறு ஊதுது, ஊதினா மெதக்குது. தோசை மாவ வெளிய வச்சா ராத்திரியே பொங்கி வழியுது, அதே மாவு ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரு வாரம் ஆனாலும் கம்முனு கெடக்குல்ல, அந்த கதைதான். 4 டிகிரியில பாக்டீரியா வேலை கிட்டத்தட்ட நின்னுடும்.

குளிர் பாதி கதைன்னா அழுத்தம் மீதி. தண்ணியில ஒவ்வொரு 10 மீட்டர் எறங்கும்போதும் காத்து மண்டலத்தோட அழுத்தம் அளவுக்கு இன்னொரு பங்கு சேரும், 200 மீட்டர்ல மேல இருக்குறத போல 21 மடங்கு. ஒரு கணக்கு போட்டு பாத்தேன். 70 கிலோ ஆளு, உடம்பு தண்ணிய விட 2 சதவீதம் கனம்னு வச்சுக்கிட்டா, மெதக்க ஒரு ஒன்றரை லிட்டர் கேஸ் போதும். கரையோரத்துல ஒன்றரை லிட்டர் ஒரு மேட்டரே இல்ல. ஆனா 200 மீட்டர் கீழ அதே ஒன்றரை லிட்டர் எடத்த நெரப்பணும்னா மேல 30 லிட்டர் ஆகுற அளவுக்கு கேஸ் உருவாகணும், ஏன்னா அழுத்தம் எல்லாத்தையும் நசுக்கிடுது, கொஞ்சம் திரவத்துலயே கரைஞ்சும் போயிடுது, இதெல்லாம் தூங்கிட்டு இருக்குற பாக்டீரியாவ வச்சு நடக்கணும். நடக்காது.

1975 நவம்பர் 10ந்தேதி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்ன்ற சரக்கு கப்பல் சுப்பீரியர்ல புயல்ல முழுகிச்சு, 29 பேர், ஒருத்தர் உடம்பு கூட கரைக்கு வரல. கப்பல் கெடக்குறது சுமார் 160 மீட்டர் ஆழத்துல.

கீழயே இருந்துட்டா உடம்பு என்ன ஆகும்? இங்கதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமான விஷயம் இருக்கு. ஆக்சிஜன் கம்மி, ஈரம் ஜாஸ்தின்னா கொழுப்பு அழுகாம மெதுவா கெட்டியான கொழுப்பு அமிலமா மாறிடும், வெள்ளையா மெழுகு மாதிரி, அடிப்போசியர்னு பேரு. வேதியியல்ல பாத்தா சோப்பு தயாரிப்புக்கு நெருங்கின சொந்தம். அந்த மெழுகு வந்துட்டா உருவம் பல வருஷத்துக்கு அப்படியே நிக்கும். 1927 டிசம்பர்ல முழுகின கேம்லூப்ஸ்ன்ற கப்பல 1977லதான் கண்டுபுடிச்சாங்க, 50 வருஷம் கழிச்சும் எஞ்சின் ரூமுக்குள்ள ஒரு ஆளோட உடம்பு இருந்துச்சு. கலிஃபோர்னியா பக்கம் டாஹோ ஏரியில 1994ல காணாம போன ஒரு டைவர் 2011ல கெடைச்சப்போ, 17 வருஷத்துக்கு உடம்பு நல்லாவே இருந்துச்சு, கூட டைவிங் சாமானும் இருந்துச்சு.

அப்போ கீழதான் இருக்காங்கன்னு தெரிஞ்சா தேடி எடுக்க வேண்டியதுதானே? எங்க தேடுறது, அதான் சிக்கல். ஆளில்லாத போட் ஒரு எடத்துல கெடைக்கும், எல்லாரும் அதச் சுத்தி தேடுவாங்க, ஆனா காலி போட் காத்துல ஓடும், தண்ணிக்குள்ள இருக்குற ஆளு தண்ணி ஓட்டத்தோட போவாரு, ரெண்டும் வேற வேற பக்கம், ஒரு ராத்திரி போனா பல கிலோமீட்டர் பிரிஞ்சிடும். அதனால போட் கெடைச்ச எடத்துலேந்து காத்து அடிச்ச திசையப் பாத்து பின்னாடி கணக்கு போட்டு வரணும்.

தேடுறதுக்கு இப்ப சைடு ஸ்கேன் சோனார். நம்ம லாஞ்சுல இருக்குற எக்கோ நேரா கீழ சத்தம் அனுப்பி மீன் கூட்டத்த காட்டும், இது போட்டுக்கு பின்னாடி கயித்துல இழுத்துட்டு போற ஒரு கருவி, ரெண்டு பக்கமும் சாய்வா சத்தத்த அனுப்பும். தண்ணியில சத்தம் செகண்டுக்கு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் போகுது, திரும்பி வர்ற நேரத்தையும் பலத்தையும் வச்சு அடித்தரைய படமா வரையும். தரையில ஏதாவது துருத்திட்டு இருந்தா அதுக்கு பின்னாடி சத்தம் போகாது, அங்க கருப்பா நிழல் விழும். ஆளா கட்டையான்னு பாக்குறவங்க நிழலத்தான் மொதல்ல பாப்பாங்க. ஐடஹோவுல ஜீன், சாண்டி ரால்ஸ்டன்னு வயசான தம்பதி இத வச்சே நூறு பேருக்கு மேல கண்டுபுடிச்சு குடும்பத்துக்கிட்ட சேத்திருக்காங்க. ஆழம் ஜாஸ்தின்னா டைவர் போக முடியாது, கேமராவும் கையும் வச்ச ரோபோவத்தான் எறக்குவாங்க.

ஆனா மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்துல, 100 மீட்டர் அகலத்துக்கு பாத்துட்டே போனா ஒரு மணி நேரத்துக்கு 0.4 சதுர கிலோமீட்டர்தான் முடியும். சுப்பீரியர் பூரா தேடணும்னா ராத்திரி பகலா ஓட்டினாலும் 23 வருஷம். நம்ம ஊர்லயும் கடலுக்கு போயி வராத ஆளுக்கு உடம்பு இல்லைன்னா, இறந்தவரா கருத சட்டத்துல 7 வருஷம்னு இருக்கு. வீட்ல இருக்குறவங்களுக்கு அந்த 7 வருஷம் எப்படி போகும்னு குப்பத்துல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல.

சின்ன ஏரின்னா கதையே வேற, அங்க சோனார் "இல்ல"ன்னு சொன்னாலும் அது ஒரு சாட்சிதான். 2024 ஆகஸ்ட்ல விஸ்கான்சின்ல கிரீன் லேக்ல ஒருத்தர் கயாக் கவுந்து காணாம போனாரு, 70 மீட்டருக்கு மேல ஆழம், ஐம்பது நாளுக்கு மேல சோனார் போட்டு அலசினாங்க, ஒண்ணும் சிக்கல. இவ்ளோ தேடியும் இல்லைன்னா ஆளே உள்ள இல்லையோன்னு போலீஸ் வேற பக்கம் நோண்ட ஆரம்பிச்சது, பாத்தா மனுஷன் ரப்பர் போட்ல கரையேறி, சைக்கிள்ல போயி பஸ் புடிச்சு, கடைசியில ஜார்ஜியா நாட்டுல உயிரோட இருக்காரு. திரும்பி வந்தப்புறம் கோர்ட் குடுத்த தண்டனை 89 நாள் ஜெயில், போலீஸ எத்தனை நாள் ஏமாத்தினாரோ சரியா அத்தனை நாள்.