இன்டர்கூலர் ஹோஸில் எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் டீசல் கார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. சர்வீஸில் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?"

அவசரப்படாதீர்கள். டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி; இன்டர்கூலர் அந்தக் காற்றைக் குளிர்விக்கும். விரலில் மெல்லிசாக ஒட்டும் அளவுக்குப் பிசுக்கு இருப்பது டர்போ டீசல்களில் சகஜம். அந்த எண்ணெயில் பெரும்பகுதி டர்போவுக்குள் நுழையும் காற்றிலேயே கலந்து வந்திருக்கலாம்.

டீசல் எஞ்சின் காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான். எரியும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் 150 பாரைத் தொடும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக் காற்றின் அழுத்தம்). அதைத் தாங்கி நிற்பவை பிஸ்டனைச் சுற்றியிருக்கும் பிஸ்டன் ரிங்குகள். சூட்டில் விரிவதற்காக ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டே ஆக வேண்டும். அதன் வழியாகக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க் தண்டு சுழலும் அடி அறைக்குள் கசியும். இதுதான் ப்ளோ-பை. புது எஞ்சினிலும் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் 2000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நொடிக்கு 66 முறை எரிகிறது. ஒவ்வொரு முறையும் துளித்துளியாகக் கசிந்தாலே நிமிடத்துக்குப் பல லிட்டர் சேர்ந்துவிடும்.

அதை வெளியேற்றாவிட்டால் ஆயில் சீல்கள் பிதுங்கும். அந்தக் காலத்தில் ஒரு குழாய் வைத்துச் சாலையில் விட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்துக்குப் பிறகு, 1961இல் கலிஃபோர்னியா இதை எஞ்சினுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றது. அமெரிக்காவில் வாகன மாசுக்கு எதிராக வந்த முதல் தொழில்நுட்பமே இதுதான். இன்றைய கார்களில் அந்த வாயு டர்போவுக்கு முன்னால், ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயில் சேர்கிறது.

ஆனால் கிராங்க்கேஸுக்குள் எண்ணெய் சதா தெறித்துக்கொண்டிருக்கிறது. வாயு கிளம்பும்போது அந்தச் சாரலையும் அள்ளிக்கொண்டு வரும். அதைப் பிரிக்கும் பிரீதர், பல கார்களில் எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவருக்குள்ளேயே அடங்கியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் அறை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அங்கே சுழலும் பாகம் எதுவும் கிடையாது. வாயு பக்கவாட்டில் நுழைந்து சுழன்று மேலேறும், அவ்வளவுதான். வேகமாக வளைவில் திரும்பும்போது லோடு லாரி வெளிப்பக்கம் தள்ளப்படுவதுபோல, கனமான துளிகள் திரும்ப முடியாமல் சுவரில் மோதி வழிந்து, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு இறங்கிவிடும். இதில் கணக்கு அழகானது. துளியின் எடை விட்டத்தின் மும்மடியாக ஏறும். அதைக் காற்று இழுக்கும் விசையோ வெறும் விட்டத்தைப் பொறுத்தே ஏறும். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி 1 மைக்ரான் துளியைவிட 1000 மடங்கு கனம், ஆனால் அதன் மேல் இழுவிசை 10 மடங்குதான். ஆக, திரும்ப மறுக்கும் பிடிவாதம் 100 மடங்கு. பெரிய துளி சிக்கிவிடும். மைக்ரானுக்கும் குறைவான பொடித்துளி வாயு போகிற பக்கமே வளைந்து தப்பிவிடும். அந்தப் பொடிதான் உங்கள் ஹோஸில் படிந்திருக்கும் பிசுக்கு. முழுவதும் பிடிக்க வேண்டுமானால் துளையைக் குறுக்கி வேகத்தைக் கூட்ட வேண்டும். அப்போது கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும். இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்துதான் வடிவமைக்கிறார்கள்.

இதோடு ஒரு ரப்பர் டயஃப்ரம் வால்வும் உண்டு. ஏர் ஃபில்டர் அடைத்து உறிஞ்சல் கூடினால் அது வழியைக் குறுக்கி, கிராங்க்கேஸை வெளிக் காற்றழுத்தத்துக்கு அருகிலேயே வைத்திருக்கும். ரப்பர் கிழிந்தால் எண்ணெய் அப்படியே உறிஞ்சப்படும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கி மேலே அனுப்பும்.

பிரீதர் அடைத்தால்தான் டர்போ மேல் பழி விழுகிறது. டர்போவின் பேரிங்குக்குப் போகும் எண்ணெய் தன் எடையால் மட்டுமே சம்ப்புக்குத் திரும்புகிறது. கீழே அழுத்தம் இருந்தால் இறங்க முடியாமல் தேங்கி, சீலைத் தாண்டிக் கசியும். புது டர்போ போட்டாலும் அதுவும் கசியும். காசு மட்டும் போகும்.

பழைய கார் வாங்குபவர்கள் எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, கவிழ்த்து வைத்து, ஆடுகிறதா என்று பார்க்கிறார்கள்; ஆடினால் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். இந்த நம்பிக்கையை விட்டுவிடலாம். நல்ல எஞ்சினிலும் மூடி ஆடும். அளந்து பாருங்கள். ஒளிபுகும் ட்யூபை யு வடிவில் வளைத்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) குழாயில் இறுக்கமாகச் செருகி, சூடான எஞ்சினை ஐடிலில் விடுங்கள். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு மில்லிபார். தண்ணீர் எஞ்சினுக்குள் போகாதபடி ட்யூபின் இரு பக்கமும் நல்ல உயரம் இருக்கட்டும். ஐ.டி.ஐ. பட்டறை ஒவ்வொன்றிலும் இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. செலவு ஒரு சாப்பாட்டுக் காசுகூட ஆகாது.

திறந்த பக்கம் தண்ணீர் ஏறி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவைத் தாண்டினால், முதலில் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். மறுபடி அளந்தும் இறங்கவில்லையென்றால் ரிங் தேய்ந்திருக்கலாம். ரேஸ் செய்யச் செய்ய உறிஞ்சல் ஏறிக்கொண்டே போனால் டயஃப்ரம்மைப் பாருங்கள். அழுத்தம், உறிஞ்சல் இரண்டும் சரி, ஆனால் ஹோஸில் எண்ணெய் குளமாகத் தேங்குகிறது, டர்போ ஷாஃப்ட்டும் ஆடுகிறது என்றால் மெக்கானிக் சொன்னது சரிதான். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள்: தேங்கிய எண்ணெயையே டீசல் எஞ்சின் எரிபொருளாக எடுத்துக்கொண்டால், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.