காலை ஆராதனைக்கும் பயிலரங்கத்துக்கும் நடுவே: கிறிஸ்தவப் பள்ளிப் பணியாளர் வளர்ச்சி

பல கிறிஸ்தவப் பள்ளிகளில் பணியாளர் வளர்ச்சி என்பது ஒன்றையொன்று அறியாத இரண்டு ஏற்பாடுகளாக நடைபெறுகிறது. காலையில் வேதவாசிப்பும் ஜெபமும் நடக்கும். அங்கே வகுப்பறையைப் பற்றிய பேச்சு எழாது. எப்போதாவது வெளியிலிருந்து ஒருவர் வந்து பயிலரங்கம் நடத்துவார். அங்கே ஆசிரியரின் விசுவாசத்தைப் பற்றி எவரும் கேட்கமாட்டார்கள். ஆசிரியர் பயிற்சியிலும் பணியாளர் தியானங்களிலும் தொடர்ந்து ஈடுபட்டுவரும் எனக்கு, இந்தப் பிரிவினையே முதலில் சரிசெய்யப்பட வேண்டியதாகத் தோன்றுகிறது.

பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளை நடத்த முன்வந்த புனித ஜான் பாப்டிஸ்ட் தெலசால், உறவினர்களின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல், 1681-ல் ஆசிரியர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்து உருவாக்கினார். ஜெபத்தில் உறுதியாக இருந்த அவரே, பிள்ளைகள் லத்தீனில் தொடங்காமல் தாய்மொழியில் வாசிக்கப் பழக வேண்டும் என்றும் முடிவெடுத்தார். வாசிப்பைக் கற்பிக்கும் முறையும் அவருக்குப் பக்திக்குரிய பொருளாகவே இருந்தது.

விடைத்தாள் திருத்தும்போது எழுதும் ஒற்றை வரிக் குறிப்பு, மீண்டும் மீண்டும் தாமதமாக வரும் மாணவனிடம் பேசும் தொனி, கோபத்தோடு வந்த பெற்றோருக்குச் சொல்லும் பதில் ஆகியவற்றில்தான் ஓர் ஆசிரியரின் தொழில்திறனும் ஆன்மிகமும் ஒருசேர வெளிப்படுகின்றன. ஆகவே, பெயர் மறைக்கப்பட்ட விடைத்தாள்கள் சிலவற்றைப் பணியாளர் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, எந்தக் குறிப்பு மாணவனை அடுத்த முயற்சிக்குத் தூண்டும் என்று சேர்ந்து ஆராய்வதை நான் பரிந்துரைக்கிறேன். யாரையாவது திருத்த வேண்டியிருந்தால், வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் நல்ல முன்மாதிரி. சொல்வன்மை மிக்க அப்பொல்லோவின் போதனையில் குறை கண்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள். வகுப்பைப் பார்வையிட்டபின் பணியாளர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் குறை சொல்லும் தலைமையாசிரியர்கள் இப்பகுதியைக் கவனிக்கலாம்.

தொழில்திறன் வளர்ச்சியையும் ஆன்மிகத்தையும் இணைக்கும்போது ஓர் ஆபத்தும் உண்டு. அதை மேலோட்டமாகக் கடந்துவிட முடியாது. ஜெபக் குழுவில் ஓர் ஆசிரியை தம் குடும்பச் சிக்கலையோ மனச்சோர்வையோ ஜெபக் குறிப்பாகப் பகிர்ந்துகொள்கிறார். சில மாதங்கள் கழித்து அது ஆண்டு மதிப்பீட்டில் "ஈடுபாடு குறைவு" என்று வந்து நின்றால், அதன்பின் அந்தப் பள்ளியில் எவரும் உண்மையாக ஜெபம் கேட்கமாட்டார்கள். எனவே மதிப்பீடு செய்பவர் ஒருவராகவும், ஆன்மிகத் துணையாக இருப்பவர் வேறொருவராகவும் இருப்பது அவசியம். ஜெபக் குழுவில் பகிர்ந்தவை பணிப்பதிவேட்டுக்குச் செல்லாது என்பதை நிர்வாகம் எழுத்து வடிவில் உறுதிசெய்வதும் நல்லது. மாணவரின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட செய்தி மட்டும் இதற்கு விலக்கு. அது உரிய பொறுப்பாளரிடம் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும்.

வேலைப்பளுவை 'ஊழியம்' என்று அழைத்து ஓய்வை மறுக்கும் பழக்கமும் கைவிடப்பட வேண்டும். 1 இராஜாக்கள் 19-ல், சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்கவிட்டான். சோர்ந்த ஆசிரியருக்கு இன்னொரு தியான வகுப்பைவிட, வாரத்தில் ஒரு பாடவேளையைக் குறைப்பது பயன்தரக்கூடும்.

பிற சமயத்தைச் சேர்ந்த பணியாளர்கள் இருந்தால், பள்ளியின் நோக்கத்தை அவர்களுக்குத் தெளிவாக விளக்கலாம். வாய்விட்டு ஜெபிக்கவோ சாட்சி சொல்லவோ வற்புறுத்தலாகாது. இத்திட்டங்களில் அலுவலகப் பணியாளர், ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் பெயர்களும் இடம்பெற வேண்டும். பள்ளிக்கு வரும் பிள்ளை காலையில் முதலில் சந்திப்பது பெரும்பாலும் அவர்களில் ஒருவரைத்தான்; பயிற்சி அட்டவணை தயாரிக்கும்போது மறக்கப்படுவதும் அவர்கள்தான்.