மண் இல்லாத மலையில் ஒரு காடு

"எரிமலைக் குழம்பு இறுகிய வெறும் பாறையில் மரம் எப்படி வளரும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதற்கு நான் காட்ட விரும்பும் இடம் ரங்கிடோட்டோ.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரை ஒட்டிய கடலில் இருக்கும் எரிமலைத் தீவு அது. உயரம் 260 மீட்டர்தான். அகலமோ 5 கிலோமீட்டருக்கும் மேல். இங்கே வந்த பசால்ட் என்ற கருநிறப் பாறைக் குழம்பு இளகி ஓடக்கூடியது, குவியாமல் பரவிவிடும். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது பக்கத்துத் தீவில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய காலடித் தடங்களும் நாய்களின் தடங்களும் அங்கே விழுந்த எரிமலைச் சாம்பலில் பதிந்து கிடைத்திருக்கின்றன.

இந்த மலையில் ஓர் ஓடைகூடக் கிடையாது. பெய்கிற மழையெல்லாம் சல்லடையில் ஊற்றியதுபோல இடுக்குகள் வழியே இறங்கிவிடும். கரும்பாறை வெயிலில் கொதிக்கும். சரி, இதில் எது முதலில் வேர்விடும்? முதலில் பாறையில் பொருக்குபோல ஒட்டி வளரும் லைக்கன், பிறகு பாசி, புல், புதர், கடைசியில் மரம் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். இங்கே அந்த வரிசையை மீறி மரமே முன்னால் வந்துவிட்டது! லைக்கனும் பாசியும் இல்லாமல் இல்லை. ஆனால் அவை மண் உண்டாக்கித் தரட்டும் என்று இங்கே முன்னால் வந்த பொஹுடுகாவா என்ற மரம் காத்திருப்பதில்லை.

அதன் விதை மிக நுண்ணியது. காற்றில் வந்து விரிசலில் விழும், துளி ஈரத்தில் முளைக்கும். வேர் வெயில் எட்டாத ஆழத்துக்கு ஈரத்தைத் தேடிப் போகும். இலையின் அடியில் அடர்ந்திருக்கும் வெண்ணிற ரோமம் நீர் வீணாவதைக் குறைக்கும்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மரத்தின் நிழலில் பாறை குளிர்கிறது. உதிர்ந்த இலைகள் அங்கேயே தங்கி மக்குகின்றன. கிளையில் உட்காரும் பறவைகள் வேறு மரங்களின் விதைகளைப் போட்டுவிட்டுப் போகின்றன. ஒரு வகைப் பெரணி அந்த நிழலில் படர்கிறது. வறட்சியில் சுருண்டு கிடந்து, மழை பெய்ததும் விரிந்துகொள்கிறது. இப்படி ஒற்றை மரம் ஒரு பசுந்திட்டாகிறது, திட்டுகள் விளிம்பில் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. எல்லாத் திட்டும் இன்னும் சேர்ந்துவிடவில்லை. நடுநடுவே கரும்பாறை வெளி அப்படியே கிடக்கிறது.

மனிதர்கள் கொண்டுவந்த பொசம்களும் (மரமேறும் பைப்பாலூட்டிகள்) வாலபிகளும் (சிறு கங்காருக்கள்) பொஹுடுகாவா இலைகளைத் தின்று தீர்த்தன. 1990களில் அவற்றை ஒழித்தார்கள். பிறகு எலி முதலானவற்றையும் ஒழித்து, 2011இல் தீவு இந்த விலங்குகளிடமிருந்து விடுவிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். எலி பிடிக்க இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் செய்ய வேண்டிய செலவு என்பேன். பறவையின் முட்டையை எலி தின்றால் பறவை குறையும். பறவை குறைந்தால் பொஹுடுகாவாவின் நிழலுக்கு அடுத்த விதை வந்து சேராது.