கொலம்பியச் சாப்பாடு: ருசிக்க வேண்டியவையும் விசாரித்துவிட்டு ருசிக்க வேண்டியவையும்

கொலம்பியாவுக்குக் கிளம்புகிறவர்கள் என் எதிரில் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே எறும்பை வறுத்துத் தின்பார்களாமே, நிஜமா மேடம்?" என்பதுதான். நிஜம்தான். சான்டான்டேர் பகுதியில் மழை தொடங்கும் மாதங்களில் புற்றைவிட்டுக் கிளம்பும் பெரிய எறும்புகளைப் பிடித்து, காலையும் இறக்கையையும் கிள்ளி எறிந்துவிட்டு, உப்புப் போட்டு வறுத்துக் கொறிப்பார்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடக் கூடாது. அவற்றில் ஒவ்வாமையைக் கிளப்பும் புரதத்தைப் போன்றதே பூச்சிகளிலும் இருக்கிறது. மற்றவர்கள் தைரியமாகக் கடித்துப் பார்க்கலாம்.

நான் சர்க்கரை நோயாளிகளுக்கான உணவியல் ஆலோசகர். கப்பல் வேலையில் கார்த்தஹேனா துறைமுகத்தைத் தொட்டு வருபவர்கள், கணினி நிறுவன வேலையாகப் பொகோட்டாவுக்கும் மெடெயினுக்கும் போகிறவர்கள் எனச் சிலர் அவ்வப்போது வருவார்கள். எறும்பு தின்று யாருக்கும் எதுவும் ஆனதாக நான் கேட்டதில்லை. மக்காச்சோளம், மரவள்ளி, வாழைக்காய், பயறு, தேங்காய், வெல்லம் என்று கொலம்பியச் சமையலின் அடிப்படைப் பொருள்கள் எல்லாமே நமக்குப் பழக்கமானவை. பழகிய பொருள்தானே என்று எதையும் விசாரிக்காமல் சாப்பிட்டவர்கள்தான் திரும்பி வந்து என்னிடம் புலம்பியிருக்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம். அலுவலகத் தெருக்களில் 'கொரியென்தாசோ' என்று ஒரு சாப்பாடு கிடைக்கும். விலை மலிவு, வயிறு நிறையும், வீட்டுச் சமையல் மாதிரியே இருக்கும். முதலில் ஒரு கிண்ணம் சூப். அதிலேயே உருளைக்கிழங்கோ வாழைக்காயோ கிடக்கும். அப்புறம் தட்டில் சோறு, பயறு, வறுத்த பழுத்த வாழை, சில நாள் மரவள்ளி, ஒரு துண்டு இறைச்சி, பெயருக்குக் கொஞ்சம் சாலட். கூடவே ஒரு டம்ளர் சர்க்கரை போட்ட பழச்சாறு. ஒரே வேளையில் எத்தனை மாவுச்சத்து என்று பாருங்கள்! நாள் முழுக்கத் தோட்டத்தில் உழைக்கிறவருக்கு இது சரி. கூட்ட அறையில் உட்கார்ந்தே இருப்பவருக்குச் சரிப்படாது. சோற்றைப் பாதியாக்கி, வாழை, மரவள்ளி இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பழச்சாற்றுக்குப் பதில் தண்ணீர் கேளுங்கள். சூப்பையும் பயறையும் விடாதீர்கள்.

பயறு என்றதும் ஒரு எச்சரிக்கை. அந்தியோக்கியா பகுதியின் புகழ்பெற்ற 'பந்தேஹா பைசா' தட்டில் நடுநாயகம் சிவப்புப் பயறுதான், நம் ராஜ்மாவின் குடும்பம். அதைச் சுற்றிச் சோறு, கொத்துக்கறி, பொரித்த பன்றித் தோல், பன்றி இறைச்சித் தொத்திறைச்சி, முட்டை, வாழைப்பழ வறுவல், அவகாடோ, ஓர் அரேபா (மக்காச்சோள அடை) எல்லாம் இருக்கும். சுற்றியிருப்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பயறும் சோறும் மட்டும் சாப்பிட்டால் சைவம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்தப் பயறு பெரும்பாலும் பன்றிக்கால் போட்டு வேகவைத்ததுதான். அதன் கொழகொழப்பும் ருசியும் அந்தக் காலிலிருந்துதான் வருகின்றன. பன்றி சாப்பிடாத முஸ்லிம் அன்பர்களும் சைவர்களும் "தியேனே செர்தோ?" என்று கேட்டுவிட்டே கரண்டியை எடுங்கள். ஸ்பானிஷில் பன்றி இருக்கிறதா என்று அர்த்தம். "கார்னே (இறைச்சி) வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. மாட்டிறைச்சியை எடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் பார்வையில் அதில் தப்பே இல்லை.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மக்காச்சோள மாவில் தட்டிச் சுட்ட அரேபாவில் பாலாடைக்கட்டி வைத்துத் தருவார்கள். தக்காளியும் வெங்காயத் தாளும் வதக்கிய 'ஒகாவோ' தொக்கோடு, நசுக்கிப் பொரித்த வாழைக்காய் 'பத்தகோன்' அருமையாக இருக்கும். ஆனால் அதைப் பொரித்த எண்ணெயில் பன்றித் தோலும் பொரிந்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரீபியன் கடற்கரைப் பக்கம் போனால் தேங்காய்ச் சோறு. தேங்காய்ப் பாலை வற்றக் காய்ச்சி, எண்ணெய் பிரிந்து அடியில் பழுப்பு நிறத்தில் நிற்கும் வண்டலோடு அரிசியைப் போட்டு வேகவைப்பார்கள். நிறமும் மணமும் அந்த வண்டலிலிருந்து வருபவை. லேசான இனிப்பு உண்டு, பொரித்த மீனோடு சாப்பிடுவது வழக்கம். காலி நகரப் பக்கத்து 'பான்தேபோனோ' மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்டது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வரம். ஆனால் போயாக்கா பகுதியின் இனிப்பு அரேபாவில் கோதுமை மாவும் சேர்ப்பதுண்டு. அரேபா என்றாலே கோதுமை இல்லாதது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. கிராமச் சந்தைகளில் கிடைக்கும் புதுப் பாலாடைக்கட்டி காய்ச்சாத பாலில் செய்ததாக இருக்கலாம். அதை அப்படியே சாப்பிட வேண்டாம். பான்தேபோனோ மாதிரி அடுப்பில் வெந்ததில் இருந்தால் பயமில்லை.

என்னைக் கேட்டால், கொலம்பியாவில் ஒரே ஒரு பதார்த்தம்தான் சாப்பிட முடியும் என்றால் அஹியாக்கோவைத்தான் சொல்வேன். பொகோட்டாவின் கோழி சூப் அது. மூன்று வகை உருளைக்கிழங்கு போடுவார்கள். அதில் 'கிரியோயா' என்னும் சின்ன மஞ்சள் கிழங்கு வெந்து முழுவதும் கரைந்துபோய், மாவு எதுவும் கரைத்து ஊற்றாமலே சூப்பைக் கெட்டியாக்கிவிடும். மற்ற இரண்டும் துண்டுகளாக நிற்கும். மக்காச்சோளக் கதிரை வெட்டிப் போட்டு, 'குவாஸ்காஸ்' என்ற இலையைக் காயவைத்துப் போடுவார்கள். அந்த இலை இல்லாவிட்டால் அது வெறும் உருளைக்கிழங்கு சூப்தான். வேடிக்கை என்னவென்றால் அந்தச் செடி ஊட்டிப் பக்கத் தோட்டங்களில் களையாக முளைக்கிறது, நாம் பிடுங்கி எறிகிறோம். பால் ஆடையும் கேப்பர் மொட்டும் அவகாடோவும் தனித்தனியே வரும், வேண்டியதை வேண்டிய அளவு போட்டுக்கொள்ளலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆடையைத் தொடாமல் விட்டால் போதும். காரம் துளியும் இல்லை. அதற்காக மேசையில் இருக்கும் 'அஹி' மிளகாய்ச் சட்னியை அள்ளி ஊற்றாதீர்கள். பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் போட்ட அந்தக் கிண்ணம் காலையிலிருந்து திறந்தே கிடக்கலாம். அப்போதுதான் அரைத்தது என்று தெரிந்தால் மட்டும் நான் தொடுவேன்.

நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் போபயான் ஊரில் கவனமாக இருக்க வேண்டும். 2005-இல் யுனெஸ்கோ உணவுக் கலை நகரம் என்று அறிவித்த முதல் ஊர் அது. அங்கே சிறப்பு 'பிபியான்' வைத்த சின்ன எம்பனாதா, நம் சோமாசி மாதிரி உள்ளே பூரணம் வைத்துப் பொரித்தது. பார்த்தால் உருளைக்கிழங்கு மசாலா மாதிரிதான் தெரியும், உள்ளே வறுத்துப் பொடித்த நிலக்கடலை கலந்திருக்கும். தொட்டுக்கொள்ளத் தரும் சட்னியும் கடலையில் செய்ததுதான். "மானி" என்றால் நிலக்கடலை. இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

இனி வெல்லத்துக்கு வருவோம். வெல்லம் காய்ச்சுவதில் உலகில் இந்தியாவுக்கு அடுத்தபடியாகக் கொலம்பியாதான். அங்கே அதன் பெயர் பனேலா. சுடுதண்ணீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்து 'அகுவா தே பனேலா' என்று காலையிலும் குடிப்பார்கள், சளி பிடித்தாலும் குடிப்பார்கள், குழந்தைக்குப் புட்டியிலும் ஊற்றுவார்கள். ஆண்டிஸ் மலையேறும் சைக்கிள் வீரர்களுக்கு அதுதான் பெட்ரோல். "வெள்ளைச் சர்க்கரை இல்லையே மேடம், நாட்டு வெல்லம்தானே" என்று கேட்பவர்களிடம் இங்கே சொல்வதைத்தான் அங்கேயும் சொல்கிறேன்: இரண்டும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். குளிர்ந்த மாலையில் ஒரு சின்னக் கோப்பை குடித்துப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தினமும் மூன்று வேளை என்றால் என் அறைக்கு வர வேண்டியிருக்கும்.

பொகோட்டாவின் சாக்லேட் பானத்தையும் விட்டுவிடாதீர்கள். உயரமான ஒரு பாத்திரத்தில் பாலோ தண்ணீரோ ஊற்றிச் சாக்லேட் கட்டியைப் போட்டுக் கொதிக்கவைத்து, மரத்தில் செய்த மத்து ஒன்றை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உருட்டி நுரை கிளப்புவார்கள், மோர் கடைவது மாதிரியேதான். கோப்பை மேசைக்கு வந்ததும் கூட இருக்கும் பாலாடைக்கட்டியைத் துண்டாக்கி அதற்குள்ளேயே போட வேண்டும். ஒரு நிமிஷம் பொறுத்தால் இளகி நூல்நூலாக வரும், கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு மீதியைக் குடிப்பது. சாக்லேட்டில் சீஸா என்று முகம் சுளித்தவர்கள்கூட இரண்டாவது கோப்பை கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை சேர்க்காத கட்டியும் உண்டு, கேட்டால் கிடைக்கும்.

பழங்கள் விஷயத்தில் நான் தாராளம். லூலோ, மரத்தக்காளி, முள்சீத்தா, பாஷன் பழம், உச்சுவா என்று சந்தையில் கண்கொள்ளாது. பழமாகச் சாப்பிட்டால் நார்ச்சத்தோடு உள்ளே போகும். சாறாகக் கேட்டால் "தண்ணீரிலா பாலிலா?" என்பார்கள். சர்க்கரையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், அவர்களாகவே போட்டுவிடுவார்கள். லூலோ நல்ல புளிப்பு என்பதால் காலி ஊரின் 'லுலாதா' சாற்றில் சர்க்கரை தாராளமாகவே விழும். "சின் அசூகார், போர் ஃபவோர்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், சர்க்கரை இல்லாமல் கொடுங்கள் என்று அர்த்தம். மஞ்சள் டிராகன் பழம் தேனாக இனிக்கும், வயிற்றையும் நன்றாக இளக்கும். நீண்ட பேருந்துப் பயணத்துக்கு முன்னால் ஒரு முழுப் பழம் வேண்டாமே. காலி ஊர்த் தெருக்களில் விற்கும் 'சோன்தாதூரோ' ஒரு பனை வகைப் பழம், வேகவைத்தே தருவார்கள், பச்சையாகத் தின்றால் வாய் அரிக்கும். உப்பும் தேனும் வைத்துக் கொடுப்பார்கள். தேனை விட்டுவிட்டு உப்போடு சாப்பிட்டால் சர்க்கரை நோயாளிக்கும் நல்ல மாலைத் தீனி. அதைத் தின்றால் ஆண்மை பெருகும் என்று விற்கிறவரே கண்ணடித்துச் சொல்வார். அதற்கு நான் பொறுப்பில்லை.

கடையில் பாக்கெட் வாங்கும்போது முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை, உப்பு, கொழுப்பு எது அதிகமோ அதை வெளிப்படையாக அச்சிட வேண்டும் என்று 2021-இல் சட்டம் கொண்டுவந்த நாடு அது. மொழி தெரியாவிட்டாலும் முத்திரை தெரியும்.

தண்ணீர் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பொகோட்டாவிலும் மெடெயினிலும் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். கடற்கரை ஊர்கள், பசிபிக் பக்கம், அமேசான் என்றால் புட்டித் தண்ணீர்தான்.

மதுவைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது ஏமாற்று வேலை. 'அகுவார்தியென்தே' சோம்பு மணக்கும் கரும்புச் சாராயம், 24 முதல் 29 சதவீதம் ஆல்கஹால். 'சர்க்கரை இல்லாதது' என்று லேபிளில் போட்ட வகையும் உண்டு. அந்த வாசகத்தை நம்பிய ஒருவரின் கதை எனக்குத் தெரியும். ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். சாப்பிடாமல் குடித்துவிட்டு, காலியில் நண்பர்களோடு சல்சா ஆடியிருக்கிறார். நள்ளிரவு தாண்டி வியர்த்துக் கொட்டி உளறியபோது போதை என்றே எல்லோரும் நினைத்தார்கள். உடன் தங்கியிருந்தவர் தன் குளுக்கோமீட்டரை வைத்துப் பார்த்தபோது அளவு ஐம்பதுக்கும் கீழே! கல்லீரல் ஆல்கஹாலைக் கையாளும் நேரத்தில் ரத்தத்துக்குப் புதிதாகச் சர்க்கரை செய்து தராது. மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், ஆட்டம் மீதியையும் எரித்துவிடும். தாழ்சர்க்கரை சில மணி நேரம் கழித்து, தூக்கத்திலும் வரலாம். இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஒரு மடக்குகூட வேண்டாம். குடிக்கவே வேண்டாம் என்பதுதான் என் விருப்பம். கேட்கமாட்டீர்கள் என்றால் அரேபாவோ பத்தகோனோ சாப்பிட்டபடி கொஞ்சமாக, படுக்குமுன் ஒருமுறை பரிசோதித்துவிட்டு, கூட இருப்பவரிடம் நோயைச் சொல்லிவிட்டு.

அடுத்தது கலப்படம். 2022 டிசம்பரில் பொகோட்டாவில் போலிச் சாராயம் குடித்துப் பலர் இறந்தார்கள். கள்ளக்குறிச்சியில் நாம் பார்த்த அதே மெத்தனால்தான். மூடியும் வரி முத்திரையும் உடையாத புட்டியை உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள். புதிதாகப் பழகியவர் நீட்டும் கோப்பையை வாங்காதீர்கள். ஸ்கோபொலமின் என்னும் மயக்க மருந்தைக் கலந்து கொடுத்துக் கொள்ளையடிப்பது அங்கே பழைய தந்திரம்.

இதற்காகப் பாரம்பரிய பானங்களை ஒதுக்க வேண்டியதில்லை. மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்த 'சிச்சா'வை 1948-இல் சட்டம் போட்டு ஒடுக்கினார்கள். சுகாதாரம் என்று காரணம் சொன்னார்கள், பலன் கிடைத்தது பீர் ஆலைகளுக்கு. இன்று பொகோட்டாவின் பழைய பகுதியில் அதையே சுற்றுலாப் பயணிகளுக்கு ஊற்றுகிறார்கள். பசிபிக் கரைக் கறுப்பின மக்கள் கரும்பிலிருந்து வடிக்கும் 'வீச்சே' சாராயத்தை 2021-இல் இன்னொரு சட்டம் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டில் காலியில் நடக்கும் பெத்ரோனியோ ஆல்வாரெஸ் என்னும் பசிபிக் கரை இசை விழாவில் செய்கிறவர்களே கொண்டுவந்து விற்பார்கள், ருசி பார்க்க அதுதான் இடம்.

பொகோட்டா 2,600 மீட்டர் உயரம். முதல் இரண்டு நாள் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், வயிறு உப்பும். மதுவும் வயிறு முட்டச் சாப்பாடும் அப்போது வேண்டாம். சில விடுதிகளில் இதற்குக் கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். அந்த மண்ணின் பழங்குடிகள் காலங்காலமாகப் பயன்படுத்தும் இலை அது. ஆனால் ஒரு கோப்பை குடித்தாலும் சிறுநீர்ப் பரிசோதனையில் கோகெய்ன் என்று காட்டலாம், கப்பல் பணியாளர்களின் வேலைக்கே அது உலை வைக்கும். பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவரவும் கூடாது, இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தில் கோக்கா இலையும் அடக்கம். யாருக்காவது ஏதாவது வாங்கி வர வேண்டுமென்றால் வாழையிலை மாதிரியான பிஹாவோ இலையில் மடித்துத் தரும் கொய்யாப்பழக் கட்டி 'போகாதீயோ' வாங்கி வாருங்கள். அதற்குப் பேர்போன வேலெஸ் ஊரில் செய்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.