தாத்தா எந்தக் கட்டிலில் எழுவார்?

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், இறந்துபோன அப்பாவைக் கிடத்தியிருந்தோம். ஐந்து வயது அக்கா மகன் என் சட்டையை இழுத்தான். "மாமா, தாத்தா எந்தக் கட்டில்ல ரீஸ்பான் ஆவாங்க?"

"எல்லாம் கேம் பண்ற வேலை" என்றார்கள் பக்கத்தில் இருந்தவர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவன் கேட்டது மைன்கிராஃப்ட் என்ற வீடியோ கேமின் கணக்கு. அங்கே உயிர் என்பது ஓர் எண்: 20 புள்ளி, திரையில் 10 இதயம். பூஜ்யமானால் சாவு. கையிலிருந்த பொருள்கள் சிதறும், உடல் மறைந்துவிடும், கடைசியாகப் படுத்த கட்டிலருகே ஆள் மறுபடி எழுவார்; இதற்குத்தான் ரீஸ்பான் என்று பெயர். எண் பழையபடி 20. பல துப்பாக்கி ஆட்டங்களிலும் உள்ளே ஓடுவது இதே விதிதான்; ரத்தம் மட்டும் கூடுதல். சிங்கப்பூரில் 2008 முதல் கேம்களுக்கு வயது வகைப்பாடு இருக்கிறது. அது வன்முறையைப் பார்க்கும், இந்த விதியைப் பார்க்காது.

ஆனால் செத்தவர் திரும்பி வருவார் என்ற எண்ணத்தை விதைத்தது கேம் இல்லை. புடாபெஸ்ட் குழந்தைகளிடம் பேசி மரியா நாகி 1948இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் சாவைத் தூக்கமாகவும் பயணமாகவும்தான் சொன்னார்கள். வீடியோ கேம் வீடுகளுக்கு வராத காலம் அது. திரும்ப முடியாது, உடலின் எல்லா வேலையும் நின்றுவிடும், யாருக்கும் விலக்கில்லை. இந்த மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் பிடிபடுகின்றன.

கேம் மறைப்பது, என் பார்வையில், இரண்டாவதை. உடல் திரையிலிருந்து மறைந்துவிடுவதால், நின்றுபோன உடம்பைப் பிள்ளை பார்ப்பதே இல்லை.

ஆஸ்திரேலியாவில் வர்ஜீனியா ஸ்லாட்டரும் மிஷெல் லயன்ஸும் பாலர் வயதுப் பிள்ளைகளுக்கு இதயம், நுரையீரல் போன்றவை எதற்கு என்று சொல்லிக்கொடுத்தார்கள். உடம்பு எப்படி இயங்குகிறது என்று தெரிந்ததும், சாவைப் பற்றிய புரிதலும் கூடியது. 2003இல் வெளியான ஆய்வு. நாமோ "தாத்தா தூங்குறாங்க", "சாமிகிட்ட போயிருக்காங்க" என்கிறோம். தூங்கினவர் எழுவார், போனவர் வருவார். ரீஸ்பானுக்கு இதைவிட வசதியான விளக்கம் கிடையாது.

அவன் கையை எடுத்து அவன் நெஞ்சிலேயே வைத்தேன். "இது துடிக்குதுல்ல? தாத்தாவுக்கு நின்னுருச்சு. இனி துடிக்காது."

"அப்ப பசிக்காதா?"

"பசிக்காது."

"மண்டாய் சுடுகாட்டுல நெருப்பு வெச்சா வலிக்காதா?"

"வலிக்காதுடா."

கொஞ்ச நேரம் கையை நெஞ்சிலிருந்து எடுக்காமல் நின்றான்.