பரணிலிருந்து இறங்கிய வாள்: வீட்டில் பழம்பொருள் வைத்திருப்போருக்கான சட்ட விளக்கம்

பழைய வீட்டில் மராமத்து வேலை தொடங்கினால் பரணிலிருந்து ஒரு மூட்டை இறங்கும். எங்கள் உறவில் ஒரு வீட்டில் அப்படித்தான் இறங்கியது. சாக்கைப் பிரித்தால் துருவேறிய ஒரு கட்டாரி, பாதி உடைந்த வாள், பித்தளைக் குமிழ் நான்கும் அப்படியே இருந்த தோல் கேடயம். கூடவே மரச்சட்டம் உளுத்துப்போன ஒரு தஞ்சாவூர் ஓவியம், தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லும் ஒரு சீனப் பீங்கான் ஜாடி. அரை மணி நேரத்துக்குள் வீட்டில் மூன்று கட்சி ஆகிவிட்டது. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். போலீஸ் கேஸ் ஆகிவிடும், கிணற்றில் எறி என்றார் இன்னொருவர். அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் தம்பியிடம் கொடுத்தனுப்பு என்றார் மூன்றாமவர். மூன்று யோசனையும் தப்பு. மூன்றாவது யோசனை சிறை வரை கொண்டுபோய் விடக்கூடியது.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். பழம்பொருளைச் சொந்தமாக வைத்திருப்பது இந்தியாவில் குற்றமில்லை. வாங்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். எதை அரசிடம் பதிய வேண்டும், எதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, யார் வியாபாரம் செய்யலாம் என்ற மூன்று கேள்விகளில்தான் சட்டம் குறுக்கே வருகிறது. அந்தச் சட்டத்தின் பெயர் தொல்பொருட்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டம், 1972. நடைமுறைக்கு வந்தது 1976 ஏப்ரல் 5. அதற்கு முன்பு 1947-இல் வந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அது எல்லையில் மட்டும் காவல் காத்தது. வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க வழி செய்தது 1972 சட்டம்.

தொல்பொருள் என்றால் எது? குறைந்தது 100 ஆண்டு பழமை இருக்க வேண்டும். நாணயம், சிற்பம், ஓவியம், கல்வெட்டு, கைவினைப் பொருள், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த தூண், கதவு, அந்தக் காலத்து மதம், வழக்கம், அரசியல், தொழில் ஆகியவற்றைக் காட்டும் எந்தப் பொருளும் இதில் அடங்கும். அறிவியல், வரலாறு, இலக்கியம் என ஏதோ ஒரு வகையில் மதிப்புள்ள சுவடி, ஆவணம் என்றால் 75 ஆண்டே போதும். இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டியும், சீனத்து ஜாடியும், ஜப்பான் தட்டும் 100 வயதைத் தாண்டிவிட்டால் அவையும் தொல்பொருள்தான். நம் ஜாடி அந்தக் கணக்கில் வந்துவிட்டது.

கலைப் புதையல் என்பது தனி வகை. இதற்கு வயது கணக்கில்லை. காலமான கலைஞர்கள் சிலரின் படைப்புகளை மத்திய அரசு அறிவித்து வைத்திருக்கிறது. ரவி வர்மா, ரவீந்திரநாத் தாகூர், அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் போன்றோர் அந்த வரிசையில் வருகிறார்கள். இந்தியாவுக்குள் எத்தனை கோடிக்கு வேண்டுமானாலும் கைமாறலாம், வெளிநாட்டுக்குப் போகக் கூடாது. பல வீட்டுக் கூடங்களில் தொங்குவது ரவி வர்மாவின் கையோவியம் இல்லை, 1894-இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்தும் பிறகு வேறு அச்சகங்களிலிருந்தும் வந்த அச்சுப் படம். ஆனாலும் 100 ஆண்டைத் தாண்டிய அச்சுப் படத்தைச் சாதாரணமாக நினைத்துப் பெட்டியில் வைத்து விமானம் ஏற வேண்டாம்.

சரி, எதைப் பதிய வேண்டும்? தொல்பொருள் எல்லாவற்றையும் பதியச் சொல்லவில்லை. அரசு அறிவித்த வகைகள் மட்டும்தான்: கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு ஆகியவற்றில் செய்த சிற்பங்கள், காகிதம், துணி, மரம், தோல், பட்டு என எதில் தீட்டியதானாலும் ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள், பிறகு சேர்க்கப்பட்ட மரச் சிற்ப வேலைப்பாடுகள். மரத்தில் உருவம் இருந்தாலும், வெறும் கொடியும் பூவுமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்தக் கடைசி வகைதான் செட்டிநாட்டு வீடுகளை நேராகத் தொடுகிறது. பிரித்த வீட்டின் நிலைக்கதவில் கஜலட்சுமி செதுக்கியிருக்கும், தூணின் தலைப்பகுதியான போதிகையில் யாளி இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே பீங்கான், எனாமல் பாத்திரம், கண்ணாடி, கடிகாரம் என்று பெரும்பாலும் பதிவு தேவைப்படாத பொருட்களே கிடைக்கும். பொழுதுபோக்காகச் சேர்ப்பவர்களுக்கு அந்தத் தெருவில் ஒரு நாள் போதாது. ஆனால் செதுக்கு வேலையுள்ள 100 ஆண்டு மரத்தை வாங்கும்போது "பதிவுச் சான்று இருக்கிறதா அண்ணே?" என்று கேட்டுவிடுங்கள்.

வாளும் கேடயமும் கவசமும் பதிவுப் பட்டியலில் இல்லை. நாணயம், நகை, துணி, பீங்கான், சாதாரணப் பாத்திரம் இவையும் இல்லை. அதனால் நம் மூட்டையில் பதிய வேண்டியது தஞ்சாவூர் ஓவியம் ஒன்றுதான். ஆனால் பதிவு வேண்டாம் என்பதால் ஏற்றுமதி செய்யலாம் என்று அர்த்தமாகாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பதிவுப் பட்டியல் சிறியது, ஏற்றுமதித் தடை பெரியது. 100 ஆண்டு தாண்டிய எந்தத் தொல்பொருளையும் தனியாள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ மட்டுமே அனுப்பலாம். மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. சுங்கச் சட்டப்படி பறிமுதல் தனி. "பாட்டி கொடுத்த பரிசு", "விற்கப் போவதில்லை" என்பதெல்லாம் விமான நிலையத்தில் எடுபடாது.

ஆயுதம் என்றதும் ஆயுதச் சட்டம், 1959 நினைவுக்கு வரும். அதையும் பார்த்துவிடுவோம். பழைய மாடலாகவோ தொன்மை மதிப்புக்காகவோ வைத்திருக்கும் துப்பாக்கி, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால், அந்தச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அதற்கு விலக்கு தருகிறது. பழுது பார்த்தால் சுடலாம் என்ற நிலையில் இருந்தால் விலக்கு கிடையாது. அதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வாள், ஈட்டி, கட்டாரி போன்றவற்றுக்கு விதி வேறு: மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில்தான் உரிமம் கேட்பார்கள். உங்கள் பகுதி அதில் வருகிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும். அப்புறம், திருவிழா ஊர்வலத்தில் அந்த வாளை உருவிப் பிடித்து நிற்பது வேறு விவகாரம். வீட்டில் சுவரோடு இருக்கட்டும்.

வாளின் கைப்பிடியில் தந்தம் இருந்தால் மூன்றாவதாக ஒரு சட்டமும் சேர்ந்துகொள்ளும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்தத்தை விற்க முடியாது. முறைப்படி உரிமைச் சான்று பெற்ற தந்தம் வாரிசுக்குப் போகலாம், விலைக்குப் போகாது. புலித்தோல், மான் கொம்பு இவற்றையும் வனத்துறையிடம் கேட்காமல் கைமாற்றாதீர்கள்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்து வந்த ஆயுதங்களை வைத்திருக்கிறார்கள். குத்துக் கட்டாரி, முன்கை முழுவதையும் மூடும் உறையோடு கூடிய பட்டா வாள், யானை அங்குசம் என்று ஒவ்வொன்றும் வேலைப்பாட்டில் கோயில் சிற்பத்துக்குக் குறைந்ததல்ல. 1855-இல் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் தஞ்சை அரசை ஆங்கிலேயர் முடித்துவைத்தார்கள். அரண்மனை ஆயுதங்களும் பிறகு சிதறிப்போயின. பழைய இரும்புக்காரரிடம் போடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. எடைக்குப் போன கட்டாரியை எந்தச் சட்டத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இனி பதிவு செய்யும் முறை. இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் பதிவு அலுவலர்கள் இருக்கிறார்கள். உங்கள் மாவட்டம் யாரிடம் வருகிறது என்பதைச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள அந்தத் துறையின் வட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். அதற்குரிய படிவத்தில் பொருளின் பெயர், எதனால் ஆனது, அளவு, உத்தேசக் காலம், எங்கே வைத்திருக்கிறீர்கள், எப்படிக் கைக்கு வந்தது என்பதை எழுதி, புகைப்படங்களை இணைத்துக் கொடுக்க வேண்டும். அலுவலர் பொருளைப் பார்த்துச் சான்றிதழ் தருவார். புதிதாகக் கைக்கு வந்த பொருளைப் பதிய மாதக்கணக்கில் அவகாசம் கிடையாது, நாள்கணக்குதான். வாங்கிய வாரத்திலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். பதிந்த பொருளை விற்றாலோ கொடுத்தாலோ அதையும் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். பதிய வேண்டியதைப் பதியாமல் வைத்திருந்தால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம், பொருளும் பறிமுதலாகலாம். அது தொல்பொருளா இல்லையா என்று சண்டை வந்தால் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ சொல்வதே முடிவு.

"பதிந்தால் அரசு பிடுங்கிக்கொள்ளுமே" என்ற பயத்தைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். பொது இடத்தில் வைத்துப் பாதுகாக்க வேண்டியது என்று கருதினால் ஒரு பொருளை இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் இருப்பது உண்மைதான். ஆனால் உண்மையான வழிபாட்டில் இருக்கும் பொருளுக்கு அந்த அதிகாரம் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. பூஜை அறையில் தினம் விளக்கேற்றும் சிலையைப் பதிவதற்குத் தயங்கவே வேண்டாம்.

பதிவு நமக்குப் பாதுகாப்பு என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போனார். 50 லட்சம் டாலருக்கும் மேல் விலை. அந்தச் சிலை நம்முடையது என்று நிரூபிக்க உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயிலில் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படம். 2014-இல் நடராஜர் திரும்பினார். ஒரு புகைப்படம் செய்த வேலை அது. உங்கள் வீட்டுப் பதிவுப் படிவத்தோடு போகும் புகைப்படமும் அதே வேலையைச் செய்யக்கூடியது. திருடுபோனால் போலீஸிடம் நீட்ட வேறு என்ன இருக்கிறது?

வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் கட்டாயம், கடைக்காரர் பதிவேடும் பராமரிக்க வேண்டும். உரிமத்தைப் பார்க்கக் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். தேர்ச் சிற்பம், சாமி வாகனத்தின் துண்டு, உலோகத் திருமேனி என்றால் எந்த ஊர், எந்தக் கோயில் என்று துருவிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். கோயில் சொத்து யார் கையில் எத்தனை முறை மாறினாலும் கோயில் சொத்தே, பதிவுச் சான்று அதை உங்களுடையதாக்காது.

நிலத்தில் தோண்டும்போது கிடைப்பதற்கு 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் அவர்கள் மேலே அனுப்புவார்கள். விசாரணையில் உரிமையாளர் இல்லாத புதையல் என்று தீர்மானமாகி, நிலத்துக்காரர் பங்கு கேட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் என்று சட்டம் பிரிக்கிறது. அரசு தானே எடுத்துக்கொண்டால் அது எதனால் ஆனதோ அந்த மூலப்பொருளின் மதிப்போடு, அந்த மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், வழக்கும் வரும்.

அமெரிக்கத் தம்பிக்கும் ஒரு வழி உண்டு. புதிதாக வார்த்த சுவாமிமலைச் சிலையோ, இப்போது தீட்டிய தஞ்சாவூர் ஓவியமோ வாங்கிப் போகட்டும். பார்க்கப் பழசு போல இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். புறப்படுகிற அன்று காலையில் அல்ல, ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே.

நான் அந்த வீட்டில் சொன்னது முதலில் ஒன்றைத்தான்: புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மணல் தாள் வைக்காதீர்கள், இருக்கிற கோலத்திலேயே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். தாத்தா சொன்ன கதையைத் தேதி போட்டு எழுதுங்கள். படமும் குறிப்புமாக ஓவியத்துக்கு விண்ணப்பம் போனது. ஜாடி சமையலறை அலமாரிக்குப் போனது. கட்டாரியும் உடைந்த வாளும் பருத்தித் துணியில் சுற்றிப் பீரோவுக்குள் இருக்கின்றன. கேடயம் கூடத்துச் சுவரில் தொங்குகிறது, வெயில் படாத பக்கமாக.