தொழில்நுட்பக் கோளாறா, பராமரிப்புப் பிழையா?

சென்ற மாதம் கோவை பீளமேடு விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக விமானம் தாமதமாகப் புறப்படும்" என்று ஒலிபெருக்கி நான்கு முறை சொன்னது. பக்கத்தில் இருந்த திருப்பூர் பனியன் வியாபாரி, "என்ன கோளாறுங்க, எஞ்சினா, சக்கரமா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அன்றிரவு தொலைக்காட்சியில் ஒரு பழைய வெளிநாட்டு விமான விபத்தைப் பற்றிய நிகழ்ச்சி. ஆங்கிலக் குரல் 'மெயின்டெனன்ஸ் எரர்', அதாவது பராமரிப்புப் பிழை, என்று தெளிவாகச் சொல்கிறது. கீழே ஓடிய தமிழ் வரி 'தொழில்நுட்பக் கோளாறு' என்கிறது. ஒரே நாளில் ஐந்தாவது முறை. இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கில 'மெயின்டெயின்' பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல்; கையில் பிடித்திருத்தல் என்பது அதன் அடிப்பொருள். 'எரர்' என்பதும் லத்தீன்தான். வழி தவறி அலைதல். நாம் வழங்கும் 'பராமரிப்பு' வடமொழி 'பராமர்ச'த்தோடு உறவுடையது. தொடுதல், ஆராய்தல் என்று பொருள். ஆக இரு மொழியிலும் கை இருக்கிறது. 'பிழை' நம் சொல். குறி தவறுவதுதான் பிழைத்தல். யானையைத் தவறவிட்ட வேலை 'பிழைத்த வேல்' என்கிறார் வள்ளுவர். எய்தவன் இல்லாமல் அந்த வேல் இல்லை.

'கோளாறு' அப்படிப்பட்ட சொல் அல்ல. வயிற்றுக் கோளாறு, மூளைக் கோளாறு, வானிலைக் கோளாறு என்கிறோம். எங்கும் செய்தவன் கிடையாது. கோளாறு தானாக வருகிறது. அதன் தலையில் 'தொழில்நுட்பம்' என்ற பெரிய சொல்லையும் ஏற்றிவிட்டால், பாமரன் கேள்வி கேட்கக் கூடாத ஏதோ ஓர் உயர்ந்த விஷயம் என்று ஆகிவிடுகிறது. தொழில்நுட்பம் என்பது ஓர் அறிவுத் துறை. தேய்ந்த திருகிலும் கழன்ற குழாயிலும் என்ன தொழில்நுட்பம் கோளாறு ஆயிற்று? இந்திய ஆங்கில நாளேடுகள் எழுதும் 'டெக்னிக்கல் ஸ்னாக்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை இது. 'ஸ்னாக்' என்பது ஆற்றுக்குள் மறைந்து கிடந்து படகின் அடியைக் கிழிக்கும் மரக்கட்டை. அந்தப் படம்கூட நமக்கு வந்து சேரவில்லை; வெறும் புகை மட்டும் வந்து சேர்ந்தது.

கோவையின் கணபதி பகுதியில் என் பெரியப்பா பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். அரை அங்குல போல்ட்டும் பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.7 மில்லிமீட்டர்தான். அரை அங்குல நட்டில் பன்னிரண்டைப் போட்டால் மரை ஏறுவது போலவே ஏறும், இறுக்கும்போது வழுக்கும். ஒரு நாள் மோட்டார் ஒன்று அடியில் ஆட்டம் கண்டு திரும்பி வந்தது. ஃபிட்டர் பையன், "ஏதோ கோளாறுங்க" என்றான். பெரியப்பா போல்ட்டைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தார். "கண்ணு, இது கோளாறு இல்லை. நீ மாற்றிப் போட்டிருக்கிறாய். டப்பாவைக் கலந்து வைத்தது என் தப்பு." அன்று மாலையே இரண்டு டப்பா ஆயிற்று.

இதே கதை வானத்தில் நடந்திருக்கிறது. 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்து ஸ்பெயினின் மலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், சுமார் 17,300 அடி உயரத்தில் விமானியின் முன் கண்ணாடி பிடுங்கிக்கொண்டு போனது. விமானியின் பாதி உடல் வெளியே. ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். 87 பேரும் பிழைத்தார்கள். பறப்பதற்கு 27 மணி நேரம் முன்புதான் அந்தக் கண்ணாடி புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகளில் 84 தேவையானதைவிட 0.66 மில்லிமீட்டர் மெலிந்தவை. மீதி 6 நீளம் குறைந்தவை. இரவுப் பணியில் இருந்தவர் பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே ஒப்பிட்டு எடுத்திருந்தார். கணபதியில் எங்கள் டப்பாவில் இருந்த அதே அளவு வித்தியாசம். இதைப் போய்த் தொழில்நுட்பக் கோளாறு என்று எழுத எப்படி மனம் வருகிறது?

1996-இல் பெரு நாட்டின் லிமாவில் இருந்து கிளம்பிய ஏரோபெரு விமானத்தைப் பாருங்கள். விமானத்தைக் கழுவும்போது வெளிக் காற்றின் அழுத்தத்தை அளக்க உதவும் துளைகளின் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்தார்கள். உயரமும் வேகமும் காட்டும் கருவிகள் பொய் சொல்ல, இரவில் கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். அந்தக் கருவிகளில் ஒரு கோளாறும் இல்லை. டேப் இருந்தது.

'மெயின்டெனன்ஸ்' என்றாலே 'பழுதுபார்ப்பு' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். அது வேறு. சூலூர் விமானப் படைத் தளத்தில் ரிப்பேர் டெப்போ இருக்கிறது; அங்கே 'பழுதுபார்ப்பு' பொருந்தும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 'ஒக்கிடுதல்' என்பார்களே, அதுவும் பழுது வந்த பின் செய்வதுதான். பராமரிப்பு முன்கூட்டியே செய்வது. கிணறு வற்றும்வரை யாரும் காத்திருப்பதில்லை, கோடையில் தூர் வாருகிறோம். தறி நிற்கும்வரை எண்ணெய் விடாமல் இருப்பதில்லை. பழுதுபார்ப்பிலேயே பிழை நடப்பதும் உண்டு. 1978-இல் ஒரு ஜப்பானிய ஜம்போ விமானத்தின் வால் பக்கத்தில் உள்காற்றின் அழுத்தத்தைத் தாங்கும் தடுப்புச் சுவரைச் சரிசெய்தபோது, இரண்டு வரிசை ரிவெட் ஆணிகள் தாங்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசைதான் தாங்கியது. ஏழு ஆண்டு பறந்த பிறகு, 1985 ஆகஸ்ட் 12 அன்று அது கிழிந்து 520 பேர் மாண்டார்கள்.

'மனிதத் தவறு' என்று எழுதினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். செய்தவன் இருக்கிறான் என்று ஒப்புக்கொள்வதால் 'கோளாறு'க்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அது ஒரே ஆளின் கழுத்தில் கயிற்றை மாட்டுகிறது. பர்மிங்காமில் சரியான போல்ட் போதிய அளவு இருப்பில் இல்லை, வெளிச்சம் போதவில்லை, வேலையை இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடும் இல்லை. 'பராமரிப்புப் பிழை' என்றால் இரவுப் பணியாளர், கிடங்கு, மேற்பார்வை, நிறுவனம் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வருகின்றன. ஈரோட்டுத் தனித்தமிழ் அன்பர்கள் 'பேணுகைப் பிழை' என்கிறார்கள். பேணுதல் அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் பெற்றோரையும் விருந்தையும் பேணுகிறோம். விமானத்தைப் பேணினான் என்றால் கேட்பவருக்கு ஸ்பேனர் தெரிவதில்லை. விமானம் ஏறப் போகிறவருக்கு உடனே புரியாத தூய்மை எனக்கு வேண்டாம்.

காரணம் தெரியாதபோது 'காரணம் இன்னும் தெரியவில்லை' என்று எழுதுங்கள். உறுப்பு தெரிந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள்: சக்கரம், எரிபொருள் குழாய், கதவு. பிழை என்று விசாரணை சொல்லிவிட்டால் பராமரிப்புப் பிழை என்றே எழுதுங்கள், நடுவில் 'ப்' போட்டு. அப்படி எழுதிய ஒன்றிரண்டு பேரும் வினையில் வந்து கோட்டை விடுகிறார்கள்: 'பராமரிப்பில் பிழை ஏற்பட்டது' என்று. மழை ஏற்படுவதில்லை, பெய்கிறது, பிழையும் ஏற்படுவதில்லை. 'பராமரித்தவர்கள் பிழை செய்தார்கள்' என்று எழுதுங்கள்.